மூச்சு விட இடமுள்ள பாட்டு

முழங்கை வரை கேழ்வரகு மாவு அப்பிய கைகளோடு மதலேனம்மாள் தகரக் கொட்டகையின் வாசலில் வந்து நின்றார். தலைமுடி அவிழ்ந்து கிடந்தது. கால் விரலில் கல் இடித்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. மூச்சு வாங்கியதில் அவருக்குப் பேச்சு வரவில்லை.

உள்ளே நாங்கள் நான்கு பேர் அரைவட்டமாக உட்கார்ந்து குழல் ஊதிக்கொண்டிருந்தோம். அவர் கணவர் சின்னப்பன் கடைசி ஸ்டூலில் இருந்தார். மடியில் சாய்த்துப் பிடித்திருந்த பெரிய மரக்குழல் அவர் தலைக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தது. மனைவியைப் பார்த்ததும் வாயிலிருந்து குழலை எடுத்துவிட்டுச் சிரித்தார்.

"இன்னாமே, பாட்டு கேக்க வந்தியா?"

அம்மாள் நேராக உள்ளே வந்து மாவுக் கையால் அவர் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தார். சட்டையில் ஐந்து விரலும் பதிந்தன.

"கீழ பூட்டேன்னு நெனச்சி ஓடியாறேன்யா! மண்ணுக்குள்ள பூட்டேன்னு நெனச்சி ஓடியாறேன். நீ இங்க ஒக்காந்து ஊதிகினு கீற!"

சொல்லிவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். அப்போதுதான் வெளியே எட்டிப் பார்த்தோம். சுரங்கத் தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீடுகளின் பெண்கள் எல்லாரும் தெருவில் நின்றார்கள். பாதிப் பேர் சுரங்கத்துக்குள் இறங்குகிற ஷாஃப்ட் பக்கம் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

பிள்ளைகளே, கச்சேரிக்கு என்ன பாட்டு வாசிப்பது என்று தேர்ந்தெடுப்பது சுலபமான வேலை என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இந்த வாரம் அதைச் சொல்கிறேன்.

ரயிலில் வந்த பெட்டி

எந்த வருஷம் என்று கேட்காதீர்கள். தங்கவயலுக்கு மின்சார விளக்கு வருவதற்குச் சற்று முன்போ, வந்த புதிதோ. மாரிகுப்பத்துக்கு ரயில் வந்துவிட்டது. அது மட்டும் நிச்சயம். ஏனென்றால் எங்கள் குழல்கள் ரயிலில்தான் வந்தன.

பெங்களூர் தண்டில் இருந்த ஒரு பட்டாளம் கப்பலேறிப் போனபோது பழைய வாத்தியங்களை விட்டுவிட்டுப் போனது. எங்கள் சுரங்கத்துத் துரை அவற்றில் சிலதை வாங்கினார். அவருக்குப் பாட்டு என்றால் உயிர். இறக்கிக்கொண்டு வர மாட்டு வண்டியோடு நானும் மாரிகுப்பம் ஸ்டேஷனுக்குப் போனேன்.

மற்ற பெட்டிகள் சின்னவை. ஒன்று மட்டும் நீளமாக, ஒடுங்கி, கறுப்புத் துணி போர்த்தி இருந்தது. அதை நாங்கள் இருவராகத் தூக்கிக்கொண்டு பிளாட்பாரத்தில் நடந்தபோது ஜனங்கள் பேச்சை நிறுத்தி ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒரு பெரியவர் தலைப்பாகையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"யார் வூட்டுக் கொழந்தைபா?" என்று மெல்லக் கேட்டார்.

"தொரை வூட்டுது" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

அதுதான் பஸூன். மரத்தால் ஆன பெரிய குழல். இரண்டாக மடித்த மாதிரி இருக்கும். அடித்தொண்டையில் பேசும். லைனில் அதற்கு யாரும் பஸூன் என்று சொல்லவில்லை. சுரங்கத்தில் மேல்பாறை விழாமல் நிறுத்துவதற்கு முட்டுக் கொடுக்கிற மரம் இருக்கிறதே, அந்தப் பெயரையே வைத்துவிட்டார்கள். "சின்னப்பன் கீழதான் முட்டோட மல்லுக்கட்டறாருன்னா, மேல வந்தும் ஒண்ண தூக்கிகினு திரியறாரு" என்பார்கள். எங்கள் நால்வருக்கும் ஊதாங்குழல் கோஷ்டி என்று பெயர். அடுப்பு எரியாவிட்டால் எங்களைக் கூப்பிடுவதாகப் பெண்கள் கேலி செய்வார்கள்.

நால்வரையும் சொல்லிவிடுகிறேன். முதல் கிளாரினெட், பாக்கியநாதன் மாஸ்டர். பட்டாளத்து பேண்டில் வாசித்தவர். இப்போது ஸ்டோரில் வேலை. வெள்ளைக் காலர் அழுக்காகாமல் இருப்பது அவருக்கு முக்கியம். இரண்டாவது கிளாரினெட், நான். ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. ஆனால் மிஷன் பள்ளியில் சுரம் பார்த்துப் பாடக் கற்றுக்கொடுத்திருந்தார்கள்.

புல்லாங்குழல் முனுசாமி. குடியாத்தம் பக்கத்து ஆள். ஷாஃப்டின் வாயில் நின்று மணி அடிப்பது அவர் வேலை. ஆட்களை ஏற்றி இறக்கும் இரும்புக் கூண்டை நாங்கள் கேஜ் என்போம். அது எப்போது இறங்க வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று அவர் மணிதான் சொல்லும். நாள் முழுக்கச் சிரிக்காமல் மணி அடித்துவிட்டு, மிச்ச நேரம் எல்லாரையும் கேலி பேசித் தீர்ப்பார்.

பஸூன், சின்னப்பன்.

துரையின் நிபந்தனை

இங்கிலீஷ் வருஷப் பிறப்பு வாரத்தில் கிளப் ஹாலில் எங்கள் கச்சேரி என்று துரை முடிவு செய்தார். பக்கத்துச் சுரங்கத்துத் துரைமாரும் வருவார்கள். வாசிப்பு நன்றாக இருந்தால் நால்வரையும் நிரந்தர பேண்டாக வைத்துக்கொள்வது. தினமும் சாயங்காலம் பழக வேண்டும் என்பதால் நால்வருக்கும் சுரங்கத்துக்குள் இறங்காத மேல் வேலை, பகல் ஷிஃப்ட்.

எனக்கும் மாஸ்டருக்கும் ஏற்கெனவே மேல் வேலைதான். முனுசாமியும் ஷாஃப்ட் வாயோடு சரி. அந்த வார்த்தை சின்னப்பன் ஒருவருக்காகச் சொன்ன மாதிரி இருந்தது.

அவர் கீழே, லெவல் என்கிற சுரங்கத் தளத்தில் மெஷின் வைத்துப் பாறையில் துளை போடுகிறவர். அந்தக் காலத்தில் துளைக்குத் தண்ணீர் விட மாட்டார்கள். பாறை மாவாகப் பறக்கும். ஷிஃப்ட் முடிந்து மேலே வருகிறவர்களின் புருவம், மீசை எல்லாம் வெளுத்திருக்கும். பல வருஷம் அதை மூச்சோடு உள்ளே இழுத்தவர்களுக்கு ஓர் இருமல் வரும். ஈரமில்லாத, பொட்டுப் பொட்டென்ற இருமல். சின்னப்பனுக்கு வந்துவிட்டது.

"மேல் வேலைக்கு மாறிக்கொள்" என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஆனால் அப்படிச் சொல்லப்பட்டவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். மேல் வேலை அத்தனை இல்லை.

வேடிக்கை என்னவென்றால், மாஸ்டர் அவரைப் பஸூனுக்குத் தேர்ந்தெடுத்ததே மார்பின் அகலத்தைப் பார்த்துத்தான். மாரிகுப்பம் கோயிலில் அவர் கீழ்க்குரலில் பாடினால் பெஞ்சு அதிரும். அது இருமலுக்கு முந்திய காலம்.

துரை ஒரு நிபந்தனை வைத்தார். ஒவ்வொருவரும் ஒரு பாட்டிலாவது முன்நின்று வாசிக்க வேண்டும். ஒருவர் சரியில்லை என்றால் பெங்களூரிலிருந்து வேறு ஆள் வருவார். துரை கெட்டவர் இல்லை. பேண்ட் நன்றாக இருக்க வேண்டும் என்று நினைத்தார், அவ்வளவுதான்.

ஆக, நாங்கள் பாட்டைத் தேட வேண்டியதில்லை. சின்னப்பனின் மூச்சுக்குள் அடங்கும் பாட்டைத் தேட வேண்டும். இதை நாங்கள் ஒருவருக்கொருவர் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை.

பழைய பாட்டா, பழைய நெஞ்சா

மாஸ்டரிடம் ஒரு டிரங்குப் பெட்டி நிறையப் பட்டாளத்துப் பாட்டுக் காகிதங்கள் இருந்தன. அந்துருண்டை வாசனை அடிக்கும்.

முதலில் ஓர் அணிவகுப்புப் பாட்டை எடுத்தோம். நடக்கிறவர்களுக்காகச் செய்த பாட்டு. நடக்கிறவன் நிற்க மாட்டான், பஸூனும் நிற்காது. பொம் பொம் என்று கடைசி வரைக்கும் போய்க்கொண்டே இருக்கும். இரண்டாம் பக்கத்தில் சின்னப்பனின் முகம் கறுத்துவிட்டது. மாஸ்டர் கிளாரினெட்டை இறக்கினார்.

"இது நல்லால்ல. ரொம்பப் பழசு" என்றார்.

முந்தின நாள்தான் அதைப் போல ஒரு பாட்டு உலகத்திலேயே இல்லை என்று சொல்லியிருந்தார்.

பிறகு ஒரு நடனப் பாட்டு. சுற்றிச் சுற்றி ஆடுகிறவர்களுக்கானது. அதிலும் நிற்க இடமில்லை. "தொரைசானிக்கு இது புடிக்காது" என்று முனுசாமி சொன்னார். துரைசானியை அவர் ஒரே ஒரு முறை, குதிரை வண்டியில் தூரத்தில் போகும்போது பார்த்திருக்கிறார்.

மூன்றாவது ஒரு காதல் பாட்டு. அதில் நடுப்பகுதி முழுவதும் பஸூனுக்கு. சின்னப்பனுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு ஊதினார். பாதியில் இருமல் வந்தது. இருமி முடிக்கும் வரைக்கும் நாங்கள் மூவரும் குழல்களைத் துடைத்துக்கொண்டிருந்தோம்.

"இதுவும் பழசுதான்" என்று ஆரம்பித்தார் மாஸ்டர்.

"மாஸ்டர், பாட்டு பழசா, என் நெஞ்சு பழசா?" என்றார் சின்னப்பன்.

மாஸ்டர் காகிதத்தை மடித்தார். முனுசாமி மறுபடியும் குழலைத் துடைக்க ஆரம்பித்தார்.

"சொல்லிட்டுப் போங்களேன். நாலு பேரும் ஒக்காந்து நாடகம் ஆடிகினு கீறோம்."

அன்றைக்குத்தான் முதல் முறையாக அதைப் பற்றி வெளிப்படையாகப் பேசினோம். தொடர்ந்து ஓடுகிற இசை அவருக்கு ஆகாது. ஒரு மூச்சுக்கு ஒரு சுரம், அதற்குப் பிறகு ஓய்வு என்று இருந்தால் நன்றாக ஊதுவார். நீளமாகவே ஊதுவார். "எனக்கு நடுவுல நிக்க எடம் குடுங்க. போதும்" என்றார்.

நாணலும் விசிலும்

இங்கே இரண்டு விஷயம் சொல்லிவிட்டுப் போகிறேன். பிறகு மறந்துவிடுவேன்.

பஸூனின் வாயில் வைக்கிற சீவாளி சீக்கிரம் பிளந்துபோகும். சீமையிலிருந்து வர மாதக்கணக்காகும். சின்னப்பன் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பேத்தமங்களா ஏரிக்கு நடந்துபோய்க் கரையோரத்து நாணலை வெட்டிக்கொண்டு வருவார். நிழலில் காய வைத்து, கண்ணாடித் துண்டால் சீவி, நூல் சுற்றிக் கட்டுவார். பத்துக் கட்டினால் ஒன்று பேசும். மற்றவை வாத்து மாதிரிக் கத்தும். அந்த வாத்துகளை லைனில் உள்ள பிள்ளைகள் பறித்துக்கொண்டு போய்விடுவார்கள். அப்புறம் நாள் பூராவும் தெருவெல்லாம் வாத்துச் சத்தம்தான்.

இன்னொன்று, சுரங்கத்துக்குள் விசில் அடிக்கக் கூடாது. சீமையிலிருந்து வந்த சுரங்கக் கேப்டன்மாரும் கூடாது என்பார்கள், நம் ஆட்களும் கூடாது என்பார்கள். அந்த ஒரு விஷயத்தில் இரண்டு ஜனங்களுக்கும் ஒரே பயம். விசில் அடித்தால் பாறை கேட்டுக்கொள்ளுமாம். அதனால் சின்னப்பன் கீழே பாட்டை முணுமுணுக்கக்கூட மாட்டார். சாப்பாட்டு வேளையில் சுத்தியல் பிடியில் விரல்களை மட்டும் வைத்து வைத்து எடுப்பார். பக்கத்தில் இருக்கிறவர்கள், "இன்னாண்ணா, கட்டைக்குக் கிச்சுக்கிச்சு மூட்டறியா?" என்பார்கள்.

மலைநாட்டு மாடுகள்

டிரங்குப் பெட்டியின் அடியில் கிடந்த ஒரு பாட்டை மாஸ்டர் எடுத்தார். ஏதோ மலைநாட்டில் மாடு மேய்க்கிறவர்கள் பொழுது சாயும்போது பெரிய கொம்பை ஊதி மாடுகளை வீட்டுக்குக் கூப்பிடுவார்களாம். அதைப் பாட்டாகச் செய்திருந்தார்கள். ஆரம்பத்தில் கீழ்ச் சுரத்தில் மூன்று நீண்ட ஊதல். பஸூன்தான் முன்னால், எங்கள் இரண்டு கிளாரினெட்டும் அடியில் சேர்ந்துகொள்ளும். ஒவ்வோர் ஊதலுக்கும் நடுவில் நல்ல இடைவெளி. பிறகு புல்லாங்குழல் மாட்டு மணி மாதிரி ஓடும். பஸூனுக்கு நீண்ட ஓய்வு. மறுபடியும் மூன்று ஊதல்.

சின்னப்பன் காகிதத்தைப் பார்த்ததுமே சிரித்துவிட்டார். "இது எனக்குன்னே எழுதுன மாதிரி கீதே!"

காகிதத்தை அவர் வீட்டுக்குக் கொண்டு போகவில்லை. ஆனால் அன்றைக்கே மனைவியிடம் பாட்டு கிடைத்துவிட்டது என்று சொல்லியிருக்கிறார். மதலேனம்மாள் மறுநாள் காலையில் என் மனைவியிடம் அதைச் சொல்லிச் சிரித்தாராம். மேல் வேலை கிடைத்துவிட்ட மாதிரியே பேசினாராம்.

இரண்டு நாள் கழித்துப் பகலிலேயே பழகச் சந்தர்ப்பம் வந்தது. கீழே துளை போடும் மெஷின் பழுதாகி, சின்னப்பனின் கூட்டத்தைச் சீக்கிரமே மேலே அனுப்பிவிட்டார்கள். அவர் வீட்டுக்குப் போகாமல் நேரே கொட்டகைக்கு வந்தார். எனக்கும் மாஸ்டருக்கும் சாப்பாட்டு வேளை. முனுசாமிக்கு அன்று லீவு. கதவைத் திறந்து வைத்து உட்கார்ந்தோம். காற்று எங்கள் பக்கமிருந்து லைனை நோக்கி அடித்துக்கொண்டிருந்தது.

கொட்டகையைச் சுற்றிலும் தகரம். கூரையும் தகரம். மூன்று குழலும் ஒன்றாகக் கீழ்ச் சுரத்தை ஊதியபோது தகரம் முழுவதும் சேர்ந்து முழங்கியது. எங்களுக்குப் பெருமையாக இருந்தது. இரண்டாவது ஊதல். மூன்றாவது ஊதல்.

எங்கள் சுரங்கத்தில் ஷிஃப்ட் மாறும்போது நீராவிச் சங்கு ஒரே ஒரு முறை ஊதும். கீழே விபத்து என்றால் மூன்று முறை. நீளமாக, நடுவில் இடைவெளி விட்டு.

பிறகு நடந்ததுதான் உங்களுக்கு முதலிலேயே தெரியுமே.

அடிக்குப் பிறகு

மதலேனம்மாள் அழுது முடிக்கிற வரைக்கும் குழல்களைக் கீழே வைத்துவிட்டு நின்றோம். முனுசாமியின் முகம் செத்துப்போயிருந்தது.

"தெனம் அந்தச் சங்குக்குக் கீழயே நிக்கறவன் நானு. எனக்கே தெரியலயே" என்றார்.

உண்மைதான். குழல் ஊதுகிறவனுக்குத் தன் சுரமும் தாளமும்தான் காதில் விழும். லைனில் அடுப்பு முன்னால் உட்கார்ந்திருக்கிற பெண்ணுக்கு உலகத்தில் ஒரே ஒரு சத்தம்தான் காதில் விழக் காத்திருக்கிறது.

அன்றைக்கு இரண்டு பெண்கள் விழுந்து அடிபட்டார்கள். அடுப்பில் வைத்த சோறெல்லாம் தீய்ந்தது. நாங்கள் வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டோம். திட்டு வாங்கினோம். "மாட்டைக் கூப்புடறீங்களா, மவராசனுங்களா? எங்களப் பார்த்தா மாடாட்டம் கீதா?" என்று ஓர் அம்மாள் கேட்டார். அவரே பிறகு எங்களுக்கு மோர் கொடுத்தார்.

சாயங்காலம் கொட்டகையில் மறுபடி கூடினோம். மாஸ்டர் யோசனை சொன்னார்.

"தண்டோரா போட்டுடலாம். வருஷப் பொறப்பு அன்னிக்கு ஊதப்போறது சங்கு இல்ல, பாட்டு, யாரும் ஓடாதீங்கன்னு."

மதலேனம்மாளும் வந்திருந்தார். பகலில் அடித்தவர், இப்போது கெஞ்சினார்.

"தண்டோராகூட வேணாம் மாஸ்டர். நானே வூடு வூடாப் போயி சொல்றேன். அவருக்கு ஒத்து வர்ற பாட்டு இது ஒண்ணுதான்னு சொல்றீங்களே. ஊதட்டும். யாரும் ஓடாம நான் பாத்துக்கறேன்."

"வேணாம் அண்ணி" என்றார் முனுசாமி.

அந்த நாளுக்கு முன்னால் கேலி இல்லாமல் அவர் பேசி நான் கேட்டதில்லை. எல்லோரும் திரும்பிப் பார்த்தோம்.

"இது சங்கு இல்ல, பாட்டுன்னு ஒரு தபா சொல்லிட்டா மனசுல நின்னுடும். நெஜமா ஊதற அன்னிக்கு, 'அட, கொட்டகையில பழவறானுங்க'ன்னு ஒக்காந்துகினு இருப்பாங்க. சங்கு ஊதுனா லைனே எழுந்து வர்ணும். கயிறு இழுக்க, ஆள் தூக்க, தண்ணி கொண்டாற. வர்லைன்னா மேல வர வேண்டியவன் வர மாட்டான். நான் அங்க நிக்கறவன், எனக்குத் தெரியும்."

"உங்க அண்ணன் கீழ போயி செத்தா பரவால்லயா?" என்றார் அம்மாள்.

முனுசாமி தலையைக் குனிந்துகொண்டார்.

சின்னப்பன் பஸூனைக் கழற்ற ஆரம்பித்தார். ஒவ்வொரு துண்டாகத் துடைத்துப் பெட்டியில் வைத்தார்.

"அவன் சொல்றது சரிதாம்மே. அந்தப் பாட்டு வேணாம்" என்றார். "நாளைக்கு நானே கீழ மாட்டிகினு கெடக்கச் சொல்ல, எவனும் வரலைன்னா?"

காகிதம் டிரங்குப் பெட்டியின் அடிக்கே போயிற்று.

கட்டை இழுக்கிறவர்கள்

அதற்குப் பிறகு சில நாள் பழகவே இல்லை. சின்னப்பன் ஷிஃப்டுக்குப் போனார், வந்தார். இருந்தாலும் சாயங்காலத்தில் கொட்டகைக்கு வந்து படியில் உட்காருவார். நாங்களும் வந்து உட்காருவோம்.

ஒரு நாள் ஸ்டேஷன் பக்கமிருந்து பெரிய மரங்களை இழுத்துக்கொண்டு வந்தார்கள், ஷாஃப்டுக்கு முட்டுக் கொடுக்க. இருபது பேருக்கு மேல் இருக்கும். முன்னால் ஒருவர் பாடுவார். மற்றவர்கள் "ஐலசா" என்று இழுப்பார்கள். ஒரு அடி நகரும். பிறகு எல்லாரும் நின்று மூச்சு விடுவார்கள். முன்னால் நிற்பவர் அடுத்த அடியைப் பாடுவார், கங்காணியின் தொப்பையையும் சேர்த்து.

முனுசாமிக்குக் கை சும்மா இருக்காது. புல்லாங்குழலை எடுத்து, பாடுகிறவரோடு சேர்ந்து ஊதினார், கேலிக்காகத்தான். சின்னப்பன் பஸூனைப் பெட்டியிலிருந்து எடுத்து மாட்டினார். "ஐலசா" வந்த இடத்தில் அடித்தொண்டையில் ஒரே ஒரு சுரம் போட்டார்.

போம்.

இழுத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அடுத்த அடி. போம். மரம் எங்கள் கொட்டகையைத் தாண்டிப் போகும் வரைக்கும் சின்னப்பன் ஊதினார். ஒரு முறைகூட இருமவில்லை.

நாங்கள் மூவரும் மாஸ்டரைப் பார்த்தோம்.

"வேணாம்" என்றார் மாஸ்டர். "கூலி இழுக்கற பாட்டைத் தொரைசானி முன்னாடி வாசிக்கறதா? என்னைப் பட்டாளத்துல பாத்தவங்க யாராவது வந்திருந்தா?"

"அவங்க நாற்காலி போட்டு ஒக்கார்ற மேடை கீதே, அதுக்குக் கட்டை இன்னா பறந்தா வந்துது?" என்றார் முனுசாமி. "இந்தப் பாட்டுலதான் மாஸ்டர் வந்துது."

மாஸ்டர் காலரைச் சரிசெய்துகொண்டார். வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாள் சாயங்காலம் வரும்போது நான்கு காகிதங்கள் கொண்டு வந்தார். அந்தப் பாட்டை நால்வருக்கும் பிரித்து எழுதியிருந்தார். பஸூனின் காகிதத்தில் எழுத்தைவிட வெள்ளை இடம்தான் அதிகம்.

கிளப் ஹாலில்

ஹாலுக்குள் நாற்காலிக்காரர்கள். வராந்தாவுக்கு வெளியே, மரத்தடியில், நம் ஜனங்கள் நின்றுகொண்டிருந்தார்கள். மதலேனம்மாள் முன்வரிசையில், முந்தானையைக் கையில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

அணிவகுப்புப் பாட்டைப் பாதியாகக் குறைத்திருந்தோம். நடனப் பாட்டில் பஸூனின் வேலையில் பாதியை நான் எடுத்துக்கொண்டேன். இரண்டும் மோசமில்லை. கைதட்டினார்கள்.

மூன்றாவதாக இழுக்கிற பாட்டு. முனுசாமி முன்னடியை ஊதினார். சின்னப்பன் எழுந்து நின்று ஒரு போம் போட்டார். வெளியே யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இரண்டாவது அடிக்கு, பஸூனோடு சேர்ந்து வெளியே நாலைந்து குரல் "ஐலசா" என்றது. மூன்றாவதுக்கு மரத்தடி முழுவதும்.

அங்கேதான் சிக்கல். அவர்கள் மரம் இழுக்கிற வேகத்தில் பாடினார்கள். நாங்கள் பழகியதைவிட அது ரொம்ப நிதானம். மாஸ்டருக்கு வேர்த்து ஊற்றியது. கண்ணால் எங்களை அதட்டிப் பார்த்தார்; பிறகு விட்டுவிட்டு அவர்கள் தாளத்தின் பின்னாலேயே போனார். ஓர் இடத்தில் சின்னப்பனுக்கு மூச்சு எட்டவில்லை. குழலில் வாய் இருந்தது, சத்தம் வரவில்லை. வெளியிலிருந்து வந்த குரலில் அது யாருக்கும் தெரியவில்லை. பக்கத்தில் இருந்த எனக்குத் தெரிந்தது. அடுத்த அடிக்கு அவர் வந்துவிட்டார்.

முடிந்ததும் துரை எங்களிடம் வந்தார். சிரித்த முகம்தான். ஆனால் பாட்டு தெரிந்த மனிதர்.

"அந்தப் பெரிய குழல் ஏன் இவ்வளவு குறைவாக வாசிக்கிறது?" என்று மாஸ்டரிடம் இங்கிலீஷில் கேட்டார்.

மாஸ்டர் நிமிர்ந்து நின்றார். அவர் சொன்ன பதிலைத் தமிழில் சொல்கிறேன்.

"பாட்டே அப்படித்தான் துரை. பாரம் இழுக்கிறவர்கள் செய்த பாட்டு. இழுக்கிறவனுக்கு மூச்சு விட இடம் வேண்டாமா?"

துரை சின்னப்பனை ஒரு கணம் பார்த்தார். அவருக்குப் புரிந்ததா இல்லையா என்று எனக்கு இன்று வரைக்கும் தெரியாது. தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

பொங்கலுக்கு முன்னால் சின்னப்பனைக் கட்டைக் கிடங்குக்கு மாற்றினார்கள். முட்டு மரங்களை அளவு பார்த்து அறுக்கிற வேலை. இருமல் போகவில்லை, ஆனால் அதற்கு மேல் ஏறவும் இல்லை. எங்கள் கச்சேரிகளில் எல்லாம் அந்தப் பாட்டு கடைசியில் கட்டாயம் இருக்கும். மாடு மேய்க்கிற பாட்டை நாங்கள் மறுபடி தொடவே இல்லை.

மழைக்காலத்தில்

அந்த வருஷ மழைக்காலத்தில் ஒரு பகல் வேளையில் சங்கு ஊதியது. ஒன்று. நின்றது. இரண்டு. நின்றது. மூன்று.

ஒர்க்‌ஷாப்பிலிருந்து நான் வெளியே ஓடி வந்தபோது லைனில் எல்லா வீட்டுக் கதவும் திறந்திருந்தது. எல்லாரும் ஓடிக்கொண்டிருந்தார்கள். கொட்டகையில் பழகுகிறார்கள் என்று ஒருவர்கூட உட்கார்ந்திருக்கவில்லை. முனுசாமியின் மணி விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

மதலேனம்மாளும் ஓடி வந்தார். வழியில் கட்டைக் கிடங்கின் வேலி. அதன் உள்பக்கம் சின்னப்பன் ரம்பத்தைக் கையில் பிடித்தபடி நின்றார். அம்மாள் அவரைப் பார்த்து நின்றார். வேலிக் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஒரு மூச்சு விட்டார்.

பிறகு கம்பியை விட்டுவிட்டு மற்ற பெண்களோடு ஷாஃப்டை நோக்கி ஓடினார்.

சின்னப்பன் ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தார். ஓட அவருக்கு மூச்சு இல்லை. கையில் ஒரு கயிற்றுச் சுருளை எடுத்துக்கொண்டு, எல்லோருக்கும் பின்னால் நடந்தார்.